ஏஎஸ்டி 9, ஐஎன்ஆர் 4.8: இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி?

நோயாளி இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வெவ்வேறு பெயர் போட்ட மாத்திரைகளைச் சில நாளாகச் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார், எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது பாராசிட்டமால்தான் என்று தெரியாமல். வாந்தியும் வலது மேல்வயிற்று வலியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எடுத்த முதல் ரத்தச் சாம்பிளில் ஏஎஸ்டி 410, ஏஎல்டி 380 (இரண்டும் கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் கசியும் நொதிகள்), பிலிருபின் 1.6 (காமாலையின் மஞ்சள் நிறமி), ஐஎன்ஆர் 1.9 (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு, கல்லீரல் கெட்டால் ஏறும்). கதை கேட்டவுடனேயே, அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் பாராசிட்டமாலுக்கு முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கமான 21 மணி நேரத் திட்டம்தான், கிலோவுக்கு மொத்தம் 300 மில்லிகிராம்.

கடைசிப் பை ஓடிக்கொண்டிருக்கும்போது, முதல் சாம்பிளுக்கு 20 மணி நேரம் கழித்து, மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த நேரத்தில் வரும் ரிசல்ட்டை வைத்துத்தான் மருந்தை நிறுத்தலாமா தொடரலாமா என்று முடிவெடுப்பார்கள். வந்த ரிசல்ட்: ஏஎஸ்டி 9, ஏஎல்டி 4, பிலிருபின் 4.2, கிரியாட்டினின் 1.9 (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண்), ஐஎன்ஆர் 4.8.

வார்டில் முதலில் இதைப் பார்த்த ஜூனியர் டாக்டருக்கு நிம்மதி. நொதிகள் நார்மலுக்கு வந்துவிட்டன, மருந்து வேலை செய்துவிட்டது. ஐஎன்ஆர் ஏறியிருப்பதற்கும் ஒரு விளக்கம் கையில் இருந்தது, அசிட்டைல்சிஸ்டீனே ஐஎன்ஆரைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்று. அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஏற்றம் சிறியது, 1.3, 1.5 என்ற அளவில் நிற்கும். 4.8க்கு அந்தக் காரணம் போதாது. சீனியர் டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்து பார்த்துவிட்டு லேப்புக்கு ஃபோன் செய்தார்.

"இந்த ஏஎஸ்டி யாருடைய ரத்தம்?"

"அவங்களோடதுதான் டாக்டர், பார்கோடு சரியா இருக்கு."

"அப்போ மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினார்கள். ஏஎஸ்டி 8, ஏஎல்டி 5.

இதில்தான் முதல் சிக்கல். மறுபடி ஓட்டியதில் அதே எண் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் அதே சாம்பிளை அதே மெஷினில் அதே முறையில் ஓட்டினால் அதே தவறும் அப்படியே திரும்பி வரும். பிப்பெட் சரியாக உறிஞ்சியது, குமிழி இல்லை, கட்டி அடைக்கவில்லை, இதற்கு மேல் ரிப்பீட் எதையும் நிரூபிக்காது. அன்று காலை கியூசி, அதாவது எண் முன்பே தெரிந்த சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஓட்டி மெஷினைச் சரிபார்ப்பது, இரண்டு லெவலும் எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் கியூசி சீரத்தில் ஏஎஸ்டி ஒன்று நார்மல் பக்கம், இன்னொன்று இருநூறைச் சுற்றி. இந்தச் சாம்பிள் இருந்த இடத்துக்கு எந்த கியூசியும் போவதே இல்லை.

கணக்குப்படியே நடக்க முடியாத எண்

கருவிப் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். வெறும் இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே இந்த 9 பொய் என்று சொல்லிவிட முடியும், கெமிஸ்ட்ரி எதுவும் தேவையில்லை.

கல்லீரலிலிருந்து ரத்தத்துக்குள் கசிந்த ஏஎஸ்டி சுமார் 17 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஏஎல்டி இன்னும் மெதுவு, சுமார் 47 மணி நேரம். இப்போது ரொம்பவும் தாராளமாக ஒரு கற்பனை செய்வோம். முதல் சாம்பிள் எடுத்த நொடியிலேயே கல்லீரல் பூரணமாகக் குணமாகி ஒரு துளி நொதிகூட அதற்குப் பிறகு கசியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தாலும் 20 மணி நேரத்தில் 410 என்பது 180 பக்கம்தான் வந்திருக்கும். 380 என்ற ஏஎல்டி 280க்குக் கீழே போயிருக்காது. 9, 4 என்று விழ உடம்பில் வழியே இல்லை. ஆட்கள் நொதி ரிசல்ட்டில் டெல்டா செக் (முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டு, மாற்றம் அதிகமானால் நிறுத்தும் சோதனை) வைப்பதில்லை, நொதி ஏறி இறங்கும் பொருள்தானே என்று. ஏறுவதற்கு எல்லை இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இறங்குவதற்கு எல்லை உண்டு. இறங்கும் பக்கத்துக்கு மட்டுமாவது டெல்டா செக் வைக்க ஒரு தடையும் இல்லை, ஏன் பெரும்பாலான இடங்களில் வைப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இந்த லேப்பிலும் வைக்கவில்லை. இரண்டு எண்களுமே குறிப்பெல்லைக்கு உள்ளே அல்லது கீழே இருந்ததால் ஆட்டோ வேலிடேஷன் தானாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது. மனிதக் கண் ஒன்றுகூட அதன் மேல் படவில்லை.

யாரையெல்லாம் சந்தேகப்பட்டார்கள்

முதல் சந்தேகம் சாம்பிள் மாறிவிட்டதா என்பது. அப்படியென்றால் பிலிருபினும் கிரியாட்டினினும் ஏறியிருக்காது, ஒரே குழாயிலிருந்துதான் நான்கும் போனது. ஆகவே அது இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கச் சில குழாய்களில் போடும் ஈடிடிஏ கலந்த ரத்தமா? அதில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறி கால்சியம் விழுந்திருக்கும், அல்கலைன் பாஸ்படேஸும் சேர்ந்து விழும், இங்கே மூன்றும் ஒழுங்காக இருந்தன.

அடுத்தது மருந்துக் குறுக்கீடு. அசிட்டைல்சிஸ்டீன் லேப்பில் தொல்லை கொடுக்கும் மருந்துதான், ஆனால் அது தொல்லை கொடுப்பது பெராக்ஸிடேஸ் என்ற நொதியை நம்பி நிறம் உண்டாக்கும் டெஸ்டுகளில்: ட்ரைகிளிசரைடு, யூரிக் ஆசிட், என்சைமாட்டிக் கிரியாட்டினின் மாதிரி. ஏஎஸ்டி, ஏஎல்டியில் பெராக்ஸிடேஸே கிடையாது. மெட்ரோனிடசோல் என்று ஒருவர் சொன்னார், அது நல்ல யோசனை, ஏனென்றால் அந்த மருந்தின் குறிப்புத் தாளிலேயே ஏஎஸ்டி, ஏஎல்டி பூஜ்யமாகக்கூட வரலாம் என்று எழுதியிருக்கும். அதன் ஒளி உறிஞ்சல் இந்த டெஸ்டுகள் அளக்கும் 340 நானோமீட்டர் அலைநீளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் விழுவதால் வரும் பிரச்சினை அது. ஆனால் இவருக்கு அந்த மருந்து கொடுக்கவில்லை. இதே மாதிரித் தொல்லை கொடுக்கும் சல்ஃபாசலசினும் இல்லை.

வைட்டமின் பி6 குறைவு? இந்த லேப்பின் ரீஏஜண்டில் (சோதனைக்கான வினைத்திரவம்) இந்த நொதிகளுக்குத் தேவையான பி6 வடிவமான பைரிடாக்ஸல் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை, அதனால் உடம்பில் பி6 குறைவாக இருக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இங்கே எண்கள் கொஞ்சம் தணிந்தே வரும். ஆனால் நேற்று அதே ரீஏஜண்டில் 410 காட்டிய ஆளுக்கு இன்று 9 காட்ட அது காரணமாகாது.

இவ்வளவும் ஃபோனிலும் வாயிலுமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் இன்னும் வினைக்கோட்டைத் திறந்து பார்க்கவில்லை. அனலைசர் ஒவ்வொரு டெஸ்டுக்கும் சில நொடிகளுக்கு ஒருமுறை அப்சார்பன்ஸை, அதாவது கலவை எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை, அளந்து வரைபடமாகச் சேமித்து வைக்கிறது, அதுதான் வினைக்கோடு, இரண்டு க்ளிக்கில் திரையில் வரும், ஆனாலும் பல லேப்களில் அந்தப் பக்கத்தை சர்வீஸ் இன்ஜினியர் மட்டுமே திறக்கிறார்.

உண்மையில் மெஷின் எதை அளக்கிறது

சீரத்தில் இத்தனை ஏஎஸ்டி இருக்கிறது என்று எந்த அனலைசரும் எண்ணிச் சொல்வதில்லை. நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை அளந்து, அந்த வேகத்தையே அளவாகச் சொல்கிறது. ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றினால் ஒரு யூனிட், அவ்வளவுதான்.

ஏஎஸ்டி அஸ்பார்டேட்டையும் ஆக்ஸோகுளுட்டரேட்டையும் வினைப்படுத்தி ஆக்சலோஅசிடேட்டை உண்டாக்கும். அதை நேராகப் பார்ப்பது கஷ்டம் என்பதால், கலவையிலேயே மாலேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதியும் என்ஏடிஹெச் என்ற பொருளும் போட்டு வைத்திருப்பார்கள். உண்டாகும் ஒவ்வொரு ஆக்சலோஅசிடேட்டுக்கும் ஒரு என்ஏடிஹெச் காலியாகும். என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும், அது காலியாகி வரும் என்ஏடி உறிஞ்சாது. ஆகவே அப்சார்பன்ஸ் இறங்கிக்கொண்டே வரும், இறங்கும் வேகம்தான் நொதியின் வேகம். ஆர்தர் கார்மென் 1955இல் வெளியிட்ட முறையின் எலும்புக்கூடு இதுதான். இன்றைக்கு மணிக்கு ஆயிரக்கணக்கில் டெஸ்ட் தள்ளும் மெஷின்களுக்குள்ளும் அதுவே ஓடுகிறது. ஏஎல்டியும் இதே கதைதான், அஸ்பார்டேட்டுக்குப் பதில் அலனின், மாலேட் டிஹைட்ரஜனேஸுக்குப் பதில் எல்டிஹெச் (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்).

வரிசை முக்கியம். முதலில் சீரமும் முதல் ரீஏஜண்டும் கலக்கும். என்ஏடிஹெச் அதில்தான் இருக்கிறது. சில நிமிடம் 37 டிகிரியில் காத்திருக்கும், அந்த நேரத்தில் சீரத்தில் ஏற்கனவே இருக்கும் பைருவேட் போன்றவை எரிந்து தீரும். அப்புறம் ஆக்ஸோகுளுட்டரேட் இருக்கும் இரண்டாம் ரீஏஜண்ட் விழும், நிஜமான வினை அங்கே தொடங்கும். விழுந்த உடனே அளப்பதில்லை. கலந்து நிதானத்துக்கு வர 90 நொடி விட்டுவிட்டு, அதற்கு அடுத்த 180 நொடியில் கோடு எவ்வளவு சரிகிறது என்று பார்க்கிறார்கள். லேப் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பான ஐஎஃப்சிசி பரிந்துரையின் நேரக்கணக்கு அது, இந்த லேப்பிலும் அப்படியே அமைத்திருந்தார்கள்.

ஆக அந்த முதல் 90 நொடியில் என்ன நடந்தாலும் கணக்குக்கு அது தெரியாது. தண்ணீர் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்க்க ஒரு தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றரை நிமிடம் கழித்து வந்து அளவுகோலை வைத்தால், சிறு ஓட்டைக்குச் சரியான வேகம் கிடைக்கும். அடியே பெயர்ந்த தொட்டிக்கு வேகம் பூஜ்யம் என்றுதான் வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினை நடக்கும் சிறு குப்பியான குவெட்டில் என்ஏடிஹெச் லிட்டருக்கு 0.18 மில்லிமோல், அதாவது 180 மைக்ரோமோல். மொத்தக் கலவையில் சீரம் 12இல் ஒரு பங்கு. என்ஏடிஹெச்சின் மோலார் கெழு (ஒளியை உறிஞ்சும் திறன்) 6220 என்பதால் முழு என்ஏடிஹெச்சும் இருக்கும்போது அப்சார்பன்ஸ் சுமார் 1.12. ஏஎஸ்டி 40 உள்ள ஆரோக்கியமான சீரம் நிமிடத்துக்கு 3.3 மைக்ரோமோல்தான் எடுக்கும், கோடு நிமிடத்துக்கு 0.02 சரியும், அழகாக அளக்கலாம். ஏஎஸ்டி 7400 என்றால்? நிமிடத்துக்கு 617 மைக்ரோமோல் கேட்கும். இருப்பதே 180. பதினெட்டு நொடிக்குள் எல்லாம் காலி. மெஷின் அளக்கத் தொடங்கும்போது வினை முடிந்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வரைபடத்தைத் திறந்ததும் அப்படியே இருந்தது. இரண்டாம் ரீஏஜண்ட் விழும் வரை கோடு மேலே 1.1க்குச் சற்று மேல் நேராகப் போகிறது, விழுந்ததும் செங்குத்தாகச் சரிந்து 0.1 பக்கம் போய், அங்கிருந்து கடைசி வரை ஒரே கிடைக்கோடு. அந்தக் கிடைக்கோட்டின் சரிவைக் கணக்கிட்டுத்தான் மெஷின் 9 என்றது. நல்ல கல்லீரல் உள்ளவரின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தால் அதுவும் ஏறக்குறையக் கிடைக்கோடுதான். ஒன்று மேலே கிடக்கிறது, இன்னொன்று கீழே கிடக்கிறது. சரிவு மட்டும் பார்க்கும் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏன் ஃப்ளாக் வரவில்லை

இது புதிய விஷயம் எல்லாம் இல்லை, சப்ஸ்ட்ரேட் (வினைக்கான மூலப்பொருள்) தீர்ந்துபோவது நொதி அளவீட்டில் எல்லோருக்கும் பாடத்திலேயே வரும். அதைப் பிடிக்க அனலைசரில் ஏற்பாடும் உண்டு. இறங்கும் வினைகளில் அப்சார்பன்ஸ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால் ரிசல்ட்டோடு எச்சரிக்கை வரும், சில மெஷின்கள் தானாகவே சீரத்தை டைலூட் செய்து (நீர்க்கச் செய்து) திரும்ப ஓட்டிவிடும். அப்படியென்றால் இங்கே ஏன் மௌனம்?

இந்த லேப்பில் சில மாதம் முன்பு ஏஎஸ்டிக்கும் ஏஎல்டிக்கும் மட்டும் வேறு கம்பெனியின் ரீஏஜண்டுக்கு மாறியிருந்தார்கள். மெஷின் கம்பெனியின் சொந்த ரீஏஜண்ட் என்றால் பார்கோடைப் படித்ததும் எல்லா அமைப்பும் தானாக வந்துவிடும். வெளி ரீஏஜண்டுக்குத் திறந்த சேனலில் ஒவ்வொன்றாகக் கையால் டைப் செய்ய வேண்டும். கிட்டோடு வந்த தாளில் அலைநீளம், கன அளவுகள், ஃபாக்டர், மேல் எல்லை எல்லாம் இருந்தன, அவையெல்லாம் சரியாகவே ஏற்றப்பட்டிருந்தன. அப்சார்பன்ஸின் கீழ் எல்லை தாளிலும் இல்லை, திரையிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் என்றால் மெஷினுக்குப் பூஜ்யம், பூஜ்யத்துக்குக் கீழே எந்தக் கோடும் போகாது, ஆகவே எந்த எச்சரிக்கையும் வராது.

மேல் எல்லை 480 என்று போட்டிருந்தார்கள். அதுவும் நியாயமான எண்தான்: 180 மைக்ரோமோலை நாலரை நிமிடத்துக்குப் பங்கிட்டு 12ஆல் பெருக்கினால் 480. ஆனால் அந்த எல்லை கணக்கிட்டு முடித்த எண்ணோடுதான் ஒப்பிடப்படுகிறது. 9 என்பது 480ஐவிடச் சிறியது, பாஸ்.

நேர்கோட்டுத்தன்மைச் சோதனையும் மெஷினில் உண்டு, அளக்கும் நேரத்தின் முதல் பாதிச் சரிவையும் இரண்டாம் பாதிச் சரிவையும் ஒப்பிடுவது. பாதி வழியில் தீர்ந்துபோகும் சாம்பிளை அது பிடிக்கும். முன்னாலேயே முழுசாகத் தீர்ந்த சாம்பிளில் இரண்டு பாதியும் கிடைக்கோடு, இரண்டும் அச்சாக ஒத்துப்போகும். ரொம்ப மோசமான சாம்பிள்தான் இந்தச் சோதனையில் நல்ல மார்க் வாங்குகிறது. போதாததற்கு, இந்தச் சேனலில் இந்தச் சோதனையும் இயக்கப்படவே இல்லை.

அதே குழாயில் எல்டிஹெச்சும் கேட்டிருந்தார்கள், அது மட்டும் எல்லை தாண்டியது என்ற குறியோடு ரிசல்ட் நிறுத்தப்பட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தது. அது கம்பெனி ரீஏஜண்ட், தவிர அந்த வினையில் என்ஏடிஹெச் உண்டாகிறது, அப்சார்பன்ஸ் ஏறுகிறது. ஏறும் வினைகள் ஒளிமானியின் உச்சியில் போய் முட்டிச் சத்தம் போட்டுவிடும், சிகே, அல்கலைன் பாஸ்படேஸ் எல்லாம் அந்த ரகம். இறங்கும் வினைகள் அடியில் போய் அமைதியாகப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் ஏஎஸ்டியும் ஏஎல்டியும் இந்த விதத்தில் மற்ற நொதிகளைவிட ஆபத்தானவை. அந்த எல்டிஹெச் குறியை யாராவது ஏஎஸ்டியோடு சேர்த்துப் பார்த்திருந்தால் ஃபோனுக்கு முன்னாலேயே விஷயம் தெரிந்திருக்கும்.

கார்மென் காலத்தில் ஒரு ஆள் ஒளிமானி முன்னால் உட்கார்ந்து நேரத்துக்கு நேரம் எண்ணைத் தாளில் எழுதினார். முதல் எண்ணே 0.1 என்று வந்தால் அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்காது. 1957இல் லியோனார்ட் ஸ்கெக்ஸ் உருவாக்கிய தானியங்கி மெஷினான ஆட்டோஅனலைசர் சந்தைக்கு வந்ததிலிருந்து உட்கார்ந்து எழுதும் வேலை போனது நல்லதுதான், அந்த ஆள் போகிற போக்கில் செய்த இந்தச் சோதனையை யாராவது கட்டத்தில் டைப் செய்து வைக்க வேண்டும் என்பதுதான் விடுபட்டுப்போகிறது.

டைலூஷனிலும் ஒரு பொறி

வரைபடம் பார்த்ததும் டெக்னீஷியன் செய்தது சரியான வேலை: சீரத்தை சலைனில் பத்துக்கு ஒன்றாக டைலூட் செய்து ஓட்டினார். ஏஎஸ்டி 3310, ஏஎல்டி 4770 என்று வந்தது. எந்த ஃப்ளாக்கும் இல்லை. எல்லோரும் ஒரே மனதாக அதை ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், ஏனென்றால் நோயாளியின் நிலைக்கு அந்த எண் பொருந்தியது.

ஆனால் அந்த எண்ணும் தப்பு. 3310 என்றால் டைலூட் செய்த சீரத்தில் மெஷின் கண்டது 331, அது 480க்குள் இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நிஜத்தில் டைலூட் செய்த சீரத்தில் இருந்தது 740 பக்கம். அந்த வேகத்தில் என்ஏடிஹெச் சுமார் 175 நொடியில் தீரும். அளப்பது 90ஆவது நொடியிலிருந்து 270 வரை. ஆக பாதித் தூரம் கோடு சரிந்து, மீதித் தூரம் கிடையாகக் கிடந்தது, இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரிச் சரிவைப் போட்டு மெஷின் ஏறக்குறைய பாதி எண்ணைக் கொடுத்தது. வரைபடத்தில் முழங்கை மாதிரி வளைவு தெளிவாகவே இருந்தது. முழுத் தவறைவிட இந்தப் பாதித் தவறு மோசம் என்பது என் எண்ணம். ஏஎஸ்டி 9 என்பதை ஒரு நல்ல டாக்டர் நம்ப மாட்டார், 3310ஐ நம்பிவிடுவார். நாளைக்குச் சரியாக டைலூட் செய்து 7000 வந்தால், ஒரே நாளில் இரட்டிப்பாகிவிட்டது என்று பதறுவார்.

இருபதுக்கு ஒன்று செய்ததில் ஏஎஸ்டி 7340, ஏஎல்டி 5860. ஐம்பதுக்கு ஒன்றில் 7420, 5910. இரண்டு வெவ்வேறு டைலூஷன், பெருக்கிப் பார்த்தால் ஒரே எண், கோடும் கடைசி வரை நேராகச் சரிகிறது. இந்த ஒத்துப்போதல்தான் சான்று. 7380 என்ற ரேஞ்சில் ஐம்பது எண்பது யூனிட் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை, இருபதுக்கு ஒன்றின் எண்ணையே ரிப்போர்ட்டில் போட்டார்கள். இன்னும் அதிகமாக, நூறு இருநூறு என்று டைலூட் செய்துகொண்டே போவதிலும் பயனில்லை, சரிவு சிறிதாகிப் பிப்பெட்டின் சிறு பிழைகூட நூறு மடங்காகப் பெருகி வந்து நிற்கும்.

வார்டில் என்ன நடந்தது

திருத்திய ரிசல்ட் ஃபோனில் போனது, எழுத்திலும் போனது. அசிட்டைல்சிஸ்டீன் நிறுத்தப்படவில்லை, நான்காவது பையாகத் தொடர்ந்தார்கள். உண்மையில் சீனியர் டாக்டர் ஐஎன்ஆரைப் பார்த்ததுமே நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார், லேப்பின் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் ஏஎஸ்டி இன்னும் ஏறி 9100. அதற்கு அடுத்த நாள் 3900, ஆனால் ஏஎல்டி 5200இல் நின்றது. ஏஎஸ்டி வேகமாகவும் ஏஎல்டி மெதுவாகவும் இறங்கி வரிசை மாறியது, கல்லீரல் செல்கள் சாவது நின்றுவிட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஐஎன்ஆரும் அதோடு சேர்ந்து இறங்கியது. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை தேவைப்படாமல் வீட்டுக்குப் போனார்.

பிறகு லேப்பில் மாற்றியவை

கீழ் எல்லைக் கட்டத்தை நிரப்பினார்கள். எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் நேரம் போனது. என்ஏடிஹெச் முழுதும் தீர்ந்த கலவை 0.1 பக்கம் நிற்கிறது என்றால் 0.2, 0.3 போதும் என்று தோன்றும். ஆனால் கொழுப்பேறிய வெண்மையான சீரத்தில் அந்த அடிமட்டமே உயர்ந்து 0.5, 0.6 என்று நிற்கலாம், எல்லையைத் தொடாமலேயே தப்பித்துவிடும். இரண்டாவது அலைநீளத்தைக் கழித்துப் பார்ப்பது கொஞ்சம் உதவும், முழுதாக உதவாது. ஆகவே எல்லையை 0.5 என்று சற்று தாராளமாக வைத்து, கூடவே இன்னொரு சோதனையும் போட்டார்கள்: இரண்டாம் ரீஏஜண்ட் விழுவதற்கு முன் இருந்த அப்சார்பன்ஸுக்கும், அளக்கும் நேரத்தின் முதல் புள்ளிக்கும் இடையில் எவ்வளவு விழுந்தது என்று. இரண்டாம் ரீஏஜண்டை ஊற்றியதால் கலவை நீர்த்துப்போன அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 480 யூனிட் உள்ள சாம்பிளில்கூட அந்த 90 நொடியில் 0.37தான் விழ வேண்டும். அதற்கு மேல் விழுந்தால் நிறுத்து. சீரம் வெண்மையோ மஞ்சளோ, இந்த வித்தியாசத்தை அது பாதிக்காது. இவர்களுடைய மெஷினின் மென்பொருளில் இதை நேரடியாகச் செய்ய இடமில்லை, மெஷினுக்கும் லேப் கணினிக்கும் இடையில் இருக்கும் மிடில்வேர் மென்பொருளில் எழுதினார்கள்.

என்ஏடிஹெச் மெஷினுக்குள் நாள்பட நாள்பட அழிந்துகொண்டே வரும், புதுப் பாட்டிலில் 1.1 இருப்பது கடைசியில் 0.8 ஆகலாம். அப்போது 480 என்ற மேல் எல்லையும் சொல்லாமல் கொள்ளாமல் 340க்குச் சுருங்கிவிடும். ஆகவே தினமும் ரீஏஜண்ட் பிளாங்கின் (சீரம் சேர்க்காத கலவை) அப்சார்பன்ஸைக் குறிப்பதும், 0.9க்குக் கீழே போனால் பாட்டிலை மாற்றுவதும் பட்டியலில் சேர்ந்தது.

ஆட்டோ வேலிடேஷனில் மூன்று விதி புதிதாக வந்தது. ஐஎன்ஆர் 2க்கு மேல் அல்லது பிலிருபின் 3க்கு மேல் இருந்து ஏஎஸ்டி, ஏஎல்டி நார்மலாக இருந்தால் ஒரு ஆள் வினைக்கோட்டைப் பார்த்த பிறகே வெளியே போகும். இது அடைப்புக் காமாலை, முற்றிய சிரோசிஸ், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஆட்களையெல்லாம் சேர்த்துப் பிடித்து நிறுத்தும், அதில் பெரும்பாலும் நிஜமாகவே நார்மல்தான் இருக்கும், டெக்னீஷியன்கள் முணுமுணுக்கிறார்கள். முந்தைய ரிசல்ட்டிலிருந்து அரை ஆயுள் அனுமதிப்பதைவிட வேகமாக இறங்கினால் நிற்கும். டைலூட் செய்து வந்த எந்த எண்ணும் அடுத்த டைலூஷனோடு ஒத்துப்போகாமல் வெளியே போகாது.

பழைய ரிசல்ட்டுகளைத் தோண்டிப் பார்க்கவும் முயன்றார்கள், ரீஏஜண்ட் மாறிய நாளிலிருந்து. பிலிருபின் ஏறியும் ஏஎஸ்டி ஒற்றை இலக்கத்தில் இருந்தவற்றைத் தேடி எடுக்க முடிந்தது. ஆனால் மெஷின் வினைக்கோடுகளைச் சில வாரம்தான் வைத்திருக்கிறது, அப்புறம் அழித்துவிடுகிறது. அவற்றில் எது மேலே கிடந்த கோடு, எது கீழே கிடந்த கோடு என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. சந்தேகமான ரிசல்ட்டுகளின் பட்டியலை அந்தந்த டாக்டர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வினைக்கோடுகளை இனிமேல் அழியும் முன் வெளி டிஸ்க்கில் எடுத்து வைப்பது என்று முடிவாகியிருக்கிறது, எத்தனை மாதத்துக்கு என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.